மூன்று ஆண்டுகள் திறக்காத உறை

மேடையில் இருக்கும் டாக்டர்மார்களே, செயலாளர் ஐயா அவர்களே, சொட்டு மருந்து விடும்போது என் சட்டையைப் பிடித்துக் கசக்கிய பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. இந்தக் கண் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருடமாகக் கதவு திறந்து, தரை துடைத்து, பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்தவன். இந்த உரையை நானேதான் எழுதினேன். நாலு நாள் ஆயிற்று; இன்று காலையில்கூடக் கொஞ்சம் சேர்த்தேன். மெதுவாகத்தான் படிப்பேன். மறைந்த நம் டாக்டரம்மா என்னைப் பொறுத்துக்கொண்டதில் பாதி நீங்கள் பொறுத்துக்கொண்டால் போதும்.

காலையில் செயலாளர் ஐயா என்னிடம் சொன்னார்: "அலமாரிச் சாவியை எடுத்துட்டு வாங்க பெரியவரே. அம்மா நினைவா உறைகளை இன்னிக்கே திறந்து முடிவை அறிவிச்சுடலாம்." சாவி என் பையில் இருக்கிறது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நம் டாக்டரம்மாவுக்கு ஊரில் என்ன பெயர்? சொல்ல எதற்கு வெட்கம்? "தெரியாது டாக்டர்"!

பெற்றவர்கள் கேட்பார்கள்: "கண்ணாடி போட்டா சரியாயிடுமா?"

"தெளிவாத் தெரியும். ஆனா பவர் ஏறுறது நிக்காது."

"சொட்டு விட்டா நிக்குமா?"

"நிக்காது. வேகம் குறையலாம்."

"எங்க பிள்ளைக்குக் குறையுமா?"

"தெரியாதும்மா. அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம்."

ஒரு அப்பா கோபமாக எழுந்துவிட்டார். "தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய கட்டடம்?"

"ஆமாங்க. தெரியாதது அவ்வளவு இருக்கு. சின்னக் கட்டடத்துல அடங்கல."

அவர் சிரித்துவிட்டார். மகனையும் ஆய்வில் சேர்த்துவிட்டுப் போனார். இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளை வளரும்போது கண்ணும் வளர்கிறதாம். சில கண்கள் அளவுக்கு மேல் நீண்டுவிடுகின்றன. அதுதான் கிட்டப்பார்வை. கரும்பலகை மங்கும். நீண்டுகொண்டே போனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரை மெலிந்து, பிற்காலத்தில் பார்வைக்கே ஆபத்து வரலாம். எவ்வளவு நீளம்? ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். கடுகத்தனை! அந்தக் கடுகத்தனையைக் குறைக்க ஒரு மனுஷி தன் ஆயுளையே கொடுப்பாரா? கொடுத்தாரே!

மருந்துச் சீட்டில், "தினமும் இரண்டு மணி நேரம் வெளியே, பகல் வெளிச்சத்தில்" என்று எழுதுவார். ஒரு தாய் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு எந்தக் கடைக்குப் போகணும்?" "வாசக்கதவைத் திறங்கம்மா. அதான் கடை. ராத்திரி மட்டும் லீவு."

சொட்டு மருந்து ஆய்வு தொடங்கியது. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. புட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி; மேலே எண் மட்டும். யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது! தெரிந்தால் அளக்கிற கை தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உறை, முத்திரை வைத்து இரும்பு அலமாரியில். பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டுமே பிரிக்கலாம். இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்துத்தான்.

சாவியை என்னிடம் கொடுத்தார். அப்போது எனக்கு எண் மட்டும்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. அதனால்தான் கொடுத்தார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் பேத்தியும் அந்த ஆய்வில் இருந்தாள். நாற்பத்தேழாம் எண். ஒன்றரை வருடத்தில் அவள் கண்ணாடி இரண்டு முறை மாறிவிட்டது. என் மகள் சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "ஊர்ப் பிள்ளைக்கு மருந்து, நம்ம பிள்ளைக்கு மட்டும் தண்ணியா? சாவி உங்க இடுப்புலதானே தொங்குது? அதை என்ன அழகுக்கா வெச்சிருக்கீங்க?"

மறுநாள் அலமாரியைத் திறந்தேன். நாற்பத்தேழாம் உறையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மத்தியானம் வரைக்கும் அது நெஞ்சில் நெருப்பு மாதிரி இருந்தது. பிரிக்கவும் முடியவில்லை, திருப்பி வைக்கவும் முடியவில்லை. நேரே டாக்டரம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"படிச்சுச் சொல்லிடுங்கம்மா. என் பேத்தி."

அவர் உறையைத் தொடவில்லை. "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு அண்ணே. ஒவ்வொரு தடவை அவ வந்து தாடையை மிஷின்ல வைக்கும்போதும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா இதைப் பிரிச்சா அப்புறம் அடுத்த தாத்தா வருவாரு. மூணு வருஷம் முடிஞ்சதும் நம்ம கையில கிழிஞ்ச காகிதம்தான் மிஞ்சும். உலகத்துல எந்தப் பிள்ளைக்கும் பதில் இருக்காது. அவளை ஆய்வுல வெச்சிருக்க வேணாம்னா இப்பவே நிறுத்திக்கலாம், ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

நான் சாவியை மேசையில் வைத்தேன். "நான் லாயக்கில்லைம்மா. வேற ஆளுகிட்ட கொடுங்க."

சிரித்தார். "திருடப் போய்த் திரும்பி வந்தவருக்குத்தான் பூட்டோட அருமை தெரியும். வெச்சுக்கோங்க."

கேட்டீர்களா? சாவியை என் கையிலேயே திரும்ப வைத்தார்! என் ஆயுளில் அதைவிடப் பெரிய அதிசயத்தை நான் கண்டதில்லை.

உறை பிரிக்காமலேயே அலமாரிக்குத் திரும்பியது. மகளும் யோசித்துப் பேத்தியை ஆய்விலேயே விட்டாள். நான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். உறையைப் பிரிக்கும் நாளில் நானே படிக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். அந்த நாள் வந்தது. இதே கூடத்தில் டாக்டரம்மா நாற்பத்தேழை என்னிடம் நீட்டினார். எழுத்து எழுத்தாகப் படித்தேன். வெறும் சொட்டு.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். என் பேத்திக்கு முன்னால் வந்து நின்றார். "மருந்து விட்ட பிள்ளைங்களுக்குக் கண்ணு நீளுற வேகம் குறைஞ்சிருக்கு. அது எப்படித் தெரிஞ்சுது? உன்னை மாதிரி பிள்ளைங்க மூணு வருஷம் வெறும் சொட்டு விட்டுக்கிட்டதாலதான். உனக்கு நாங்க கடன்பட்டிருக்கோம் கண்ணு." பத்து வயதுப் பெண் முன்னால், அவ்வளவு பெரிய டாக்டர், எழுந்து நின்று சொன்னார்! மறுநாளே அவளுக்கு மருந்து தொடங்கியது. அவள் பவர் இப்போதும் ஏறுகிறது; ஆனால் நத்தை மாதிரி ஏறுகிறது.

பிறகு இரண்டாவது ஆய்வு. கிட்டப்பார்வை வருவதற்கு முன்பே சொட்டு விட்டால், வருவதைத் தள்ளிப்போட முடியுமா? மறுபடியும் உறைகள், மறுபடியும் அலமாரி. "இப்ப எனக்குப் படிக்கத் தெரியும்மா" என்று நினைவுபடுத்தினேன். "நல்லதாப் போச்சு, இனிமே ரெண்டு ஆய்வு உறையையும் கலந்து வைக்க மாட்டீங்க" என்று சாவியைக் கொடுத்தார். படிக்கத் தெரிந்த பிறகும் கொடுத்தார்!

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. "அம்மா, எல்லா உறையையும் தூக்கிட்டு வந்துடறேன். உட்கார்ந்து பார்த்துடலாம். யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க" என்றேன். குழாய் செருகிய கையை மெல்ல ஆட்டினார். "நான் கிளம்புறேன்னு பிள்ளைங்க கண்ணு அவசரமா வளருமா அண்ணே? அது அதோட நேரத்துலதான் வளரும்."

தெரியாமலேயே போனார். தெரியாமல் போகச் சம்மதித்துப் போனார்.

செயலாளர் ஐயா, நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்டீர்கள். ஆனால் ஆய்வு முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அன்றைக்கு வாருங்கள், நானே திறந்து தருகிறேன். அதற்குள் நான் போய்விட்டால், சாவி என் பேத்தியிடம் இருக்கும். அவளுக்கு வெறும் சொட்டின் அருமை தெரியும்.

அதுவரை, அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், டாக்டரம்மாவின் பதிலைத்தான் நானும் தலை நிமிர்ந்து சொல்வேன்: தெரியாது.