ஏணைக் கயிறும் கணக்காளர் சோதினையும்

கோட்டை ஸ்டேஷனுக்குப் போகும் காலை ரயிலில், வெள்ளவத்தையில் ஏறிய இரண்டு கிளாக்கர்மார் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“கணக்காளர் சோதினையில என்னைக் கவுத்தது என்ர கால்தான்,” என்றார் மெலிந்தவர்.

“காலோ?” என்றார் மற்றவர்.

“பிள்ளையின்ர ஏணைக் கயித்தைக் கால் பெருவிரலில கட்டி ஆட்டிக்கொண்டுதான் படிச்சனான். சோதினை மண்டபத்திலயும் கால் தானா ஆடிச்சுது. வெள்ளைக்காரத் துரை நிப்பாட்டச் சொன்னார். நிப்பாட்டினன். படிச்சதெல்லாம் மறந்துபோச்சு.”

“இனி ஆட்டாமப் படியுமன்.”

“மண்டையில ஏறுதில்லை. பிள்ளையும் இப்ப பாயிலதான் படுக்குது.”

“அப்ப வெறும் ஏணையை ஆட்டும்.”

“வெறும் ஏணை ஆட்டினாப் பிள்ளைக்குக் கூடாதெண்டு மாமி விடுறா இல்லை.”

ரயில் பம்பலப்பிட்டியில் நின்று புறப்பட்டது.

“அப்ப சோதினையை விட்டிட்டீரோ?”

“சீச்சீ. என்ர மனிசிக்கு இப்ப ஆறு மாசம்.”