தொண்ணூத்தெட்டா, ரெண்டாயிரத்து ஒண்ணா?

— என்னது, மாத்தப் போறீங்களா? இந்தக் காரையா?

— பத்து மணிக்கு கார் புரோக்கர் வர்றான். இதைக் குடுத்துட்டு ரெண்டாயிரத்து ஒண்ணு மாடலை எடுத்துக்கறோம். அதே ஸ்போர்ட்ஸ் கார், அதே சிவப்பு, அதே ரெண்டு சீட்டு. என் பொண்டாட்டி உனக்கு வித்தியாசமே தெரியாது...

— எனக்கா தெரியாது? பல் டாக்டர் நாற்காலியில வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே ரெண்டு மாடலுக்கும் வித்தியாசம் சொன்ன மனுஷன் நீங்க. பக்கத்துல நின்னது நான்.

— அது... அப்போ விவரம் பத்தல.

— அம்பத்தெட்டு வயசுல பத்தாத விவரம் இனிமே எப்போ வரும்? கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இந்தத் தொண்ணூத்தெட்டு இன்ஜின் ஆயிரத்து எண்ணூறு சிசி. சின்னதுதான், ஆனா ஏழாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் மூச்சு வாங்காது. மூணு வருஷம் கழிச்சு ரெண்டாயிரம் சிசி ஆக்கினாங்க. அது ஆறாயிரத்துலயே...

— ஆறாயிரத்து இருநூறு.

— ...ஆறாயிரத்து இருநூறுலயே நாக்குத் தள்ளிடும். சரியா?

— ஆனா கீழயே இழுவை ஜாஸ்தி. மிதிச்ச உடனே கிளம்பும்.

— “இழுவை வேணும்னா டிராக்டர் வாங்குங்க”ன்னு சொன்னது யாரு?

— ...யாரு?

— நீங்கதான், அந்த மாடலை வாங்கின எங்க அண்ணன்கிட்ட. பாவம், நம்ம வீட்டுக்கு வரவே இப்பல்லாம் யோசிக்கிறார்.

— அது ஒண்ணுதான் அந்த மாடலால நமக்குக் கெடச்ச... சரி சரி, முறைக்காத. பெட்ரோலைப் பாரு. நான் வண்டியை வெளிய எடுத்து ஒரு மாசம் ஆச்சு. டேங்க் பாதி காலி! நின்ன இடத்துலயே குடிக்குது. இன்ஜின் தேஞ்சு போச்சு.

— ஓ... வெயில்ல ஆவியாகியிருக்கும்.

— ஷெட்டுக்குள்ள ஏது வெயில்?

— அதை விடுங்க. அந்த மாடல்ல கியர் என்ன கியர்?

— கியர்... இருக்கும்.

— கையால போடுறதா, தானா மாறுறதா?

— ...தானா.

— ஆட்டோமேடிக்கா!

— மெல்லப் பேசு. பக்கத்து வீட்டுக்காரர் காதுல விழப்போகுது.

— விழட்டும். அவரோட காரைத்தானே “சக்கரம் வெச்ச லிஃப்ட்”னு சொன்னீங்க?

— அதுல ஆறு கியரு தெரியுமா? நம்மளுதுல அஞ்சுதான்.

— நம்ம கையால போடாத கியர் ஆறு இருந்தா என்ன, அறுபது இருந்தா என்ன?

— உனக்குப் புரியல. இதுல கேபிள் கிளட்ச். மிதிச்சா கல்லு மாதிரி இருக்கு. அதுல இடது காலுக்கு வேலையே கிடையாது.

— இடது கால் வேலை கேட்டு அழுதுச்சா, வேண்டாம்னு அழுதுச்சா?

— ...ரெண்டும் இல்ல. சும்மா சொன்னேன். இந்த கியர் பாக்ஸும் முன்ன மாதிரி இல்ல.

— நல்லாத்தானே இருக்கு! காலைல குளிர்ல ரெண்டாவது விழ மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்குது. மூணைத் தொட்டுட்டு ரெண்டுக்கு இழுத்தா வழுக்கிக்கிட்டு விழுது.

— என்ன, திரும்பச் சொல்லு.

— ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— இது உனக்கு எப்படித் தெரியும்?

— நீங்கதான் எப்பவாவது சொல்லியிருப்பீங்க.

— நானா? இந்த கியர் பாக்ஸ்ல குறைன்னு இன்னிக்கு முன்னாடி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்குமா? செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

— அப்போ... மெக்கானிக் சொன்னார்.

— மெக்கானிக்குக்கு உன்கிட்ட ரெண்டாவது கியரைப் பத்தி என்ன பேச்சு? இரு, இரு... டிரைவர் சீட்டை ஒரு ஜாண் முன்னாடி தள்ளினது நீதானா?

— முழு ஜாண் இல்ல. முக்கால்.

— அடிப்பாவி! ஏறி உட்கார்ந்தா ஸ்டியரிங் வயித்துல இடிக்குது, தொப்பை போட்டுடுச்சுன்னு ரெண்டு வாரமா பாதிச் சாப்பாடு சாப்பிடறேன் நான்!

— வண்டியை எடுக்கலேன்னீங்க, அப்புறம் எதுக்கு ஏறி உட்கார்ந்தீங்க?

— ...சும்மா. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் தொடைச்சுட்டு, ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு... இறங்கிட்டேன்.

— மாத்தப் போற வண்டியிலயா?

— பேச்சை மாத்தாத. நீ எப்போ ஓட்டக் கத்துக்கிட்ட? நான் வீட்டை விட்டு நகர்றதே வாரத்துல ரெண்டு நாள், லைப்ரரிக்கு.

— அந்த ரெண்டு நாள்தான். புத்தகம் இல்லாம, தைல வாசனையோட லைப்ரரியிலிருந்து திரும்பி வர்ற ஒரே ஆள் நீங்கதாங்க. நீங்க முட்டி டாக்டர்கிட்ட இருந்தப்பல்லாம் மெக்கானிக் எனக்குப் பக்கத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். முதல்ல புரோக்கருக்கு போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வந்து ஏறுங்க, இனிமே கிளட்சை நான் மிதிக்கறேன்... மெதுவா, கதவை நான் பிடிச்சுக்கறேன்.