நாற்பதுக்குப் பூஜ்யம்

— கதவைச் சாத்திட்டு உக்காரு செவ்வந்தி. மத்த பசங்க எறங்கிப் போவட்டும்னுதான் காத்துக்கினு இருந்தேன். இந்தப் பேப்பர் உன்னுதுதானே?

— ஆமா ஜாஹிரா மேடம்.

— நாப்பது கேள்வி. எத்தினி சரின்னு தெரியுமா?

— கம்மியாதான் வந்திருக்கும். எனக்கு இந்த ஜெர்மன் ஏறவே மாட்டேங்குது மேடம். மானாம்பதியிலேர்ந்து பஸ்ல படிச்சிக்கினு வர்றதெல்லாம் உத்திரமேரூர்ல எறங்கறதுக்குள்ள மறந்து பூடுது.

— ஒண்ணுகூட சரியில்ல.

— அய்ய. அவ்ளோ மோசமா?

— மோசமா இருந்தா பரவால்லியே. ஒரு கேள்விக்கு நாலு விடை குடுத்திருக்கேன். கண்ண மூடிக்கினு டிக் அடிச்சாலும் எட்டு, பத்து சரியா வுழும். கீழ எங்க அண்ணன் கடைக்குப் பால் ஊத்தறாரே எல்லப்பன், அவருக்கு இங்கிலீஷே தெரியாது. காலையில இதே பேப்பரைக் குடுத்து சும்மா டிக் அடிக்கச் சொன்னேன். பதினொண்ணு வாங்கினாரு.

— அவருக்கு அதிர்ஷ்டம் மேடம். எனக்கு அதுவும் இல்ல.

— நாப்பதும் தப்பா போடணும்னா நாப்பதும் தெரிஞ்சிருக்கணும். பதினாலு வருஷம் ஜெர்மனி ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்துட்டு வந்தவ நானு. எங்கிட்டயே வெளாடறியா?

— பேப்பரைக் குடுங்க மேடம், பஸ்ஸுக்கு நேரமாவுது.

— உக்காரு. உனக்கு அங்க போவ இஷ்டமில்ல. அதானே? இங்க யாராவது கீறாங்களா?

— மேடம், அந்தப் பேச்சு வாணாம்.

— பின்ன? உன் வூட்டுக்காரர் கேசவ் பாவம், ஃபீஸையும் கட்டிட்டு வெள்ளிக்கெழமை ஆனா அங்கேர்ந்து தவறாம போன் பண்றாரு. நீ இந்த மொத படிய, ஏ ஒன்ன, பாஸ் பண்ணாத்தான் உனக்கு விசா. அவருக்குக் கீற அக்கறை உனக்கு இல்லியே.

— போன் பண்ணி இன்னா கேக்கறாரு?

— எத்தினி மார்க்குன்னு கேப்பாரு. அவளுக்கு எவ்ளோ புரியுதுன்னு கேப்பாரு.

— எப்ப பாஸ் பண்ணுவான்னு எப்பனா கேட்டாரா?

— கேட்டதா நெனப்பில்ல.

— ஆடி மாசம் நான் பதினெட்டு வாங்கினேனே, நீங்க அவருகிட்ட சொன்னீங்களே. அந்த வாரத்துலேர்ந்து வீடியோ கால் நடுவுல அவரு வூட்ல கீற ஜெர்மன் பொம்பள பக்கத்துல வந்தா போனை மியூட் பண்ண ஆரம்பிச்சாரு. வாடகைக்கு வூடு குடுத்தவங்கன்னு எங்கிட்ட சொல்லிகீறாரு. எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி. அடுத்த வாரம் வேணும்னே எட்டு வாங்கினேன்.

— வாங்கினா?

— மியூட் போயிடிச்சி. என் எதிர்லயே ஜெர்மன்ல பேசிக்கிறாங்க. நான் கொழம்பைக் கிண்டிக்கினு, ஒண்ணும் புரியாத மாதிரி சிரிச்சிக்கினு கேக்கறேன். அந்த மூஞ்சிய வச்சிக்கிறதுதான் மேடம் கஷ்டம். ஜெர்மன்கூட அவ்ளோ கஷ்டமில்ல. இந்த வாரம் பேசினதைக் கேட்டு பயந்துட்டேன். தப்பித் தவறி மார்க் ஏறிடப் போவுதுன்னு நாப்பதையும் பார்த்துப் பார்த்து தப்பா அடிச்சேன்.

— இன்னா பேசினாங்க?

— உன் பொண்டாட்டி எப்ப வருவான்னு அவ கேட்டா. அதுக்கு அவரு...

— நில்லு. அரைகுறையா புரிஞ்சிக்கிறதுதான் பெரிய பேஜாரு. தமிழ்ல சொல்லாத. அவரு சொன்னத அப்படியே ஜெர்மன்ல எழுது. இந்தா பேனா.

— ... எழுதிட்டேன். பாருங்க.

— தமிழ்ல சொன்னா, ‘கவலப்படாத. அவ இந்தப் பரீட்சைய என்னிக்கும் பாஸ் பண்ண மாட்டா. ரெண்டு தடவ ஃபெயிலானா எங்க வூட்லயே அவள வாணாம்னு சொல்லிடுவாங்க. நான் வாயே தொறக்க வேண்டியதில்ல.’ ... அல்லா. செவ்வந்தி, இதெல்லாம் மூணாவது படியில, பி ஒன்ல வர்ற வாக்கியம். நான் இன்னும் நடத்தவே இல்ல. எங்க கத்துக்கினே?

— அவங்ககிட்டதான். தெனம் அர மணி நேரம் பேசறாங்க. உங்க கிளாஸை விட அது நல்லா ஏறிச்சி.

— அப்ப அடுத்த மாசம் சென்னையில பரீட்சை அன்னிக்கு?

— எல்லாத்தையும் ஒழுங்கா எழுதுவேன். அப்புறம் அங்க போறேனோ, நீயே வாணாம்னு வுடறேனோ, அத நான் சொல்லணும் மேடம். ஒரு எழுத்து ஏறல, மக்குப் பொண்ணுன்னு பேரு வாங்கிக்கினு அந்தக் குடும்பத்துலேர்ந்து வெளிய வர மாட்டேன். அதுவரிக்கும் அவரு தைரியமா பேசிக்கினு கெடக்கட்டும். நீங்க அவருகிட்ட மார்க்கை மட்டும் சொல்லிட்டு...

— இரு. நல்லா எழுதிகீற, ஒத்துக்கறேன். ஆனா இதை அவரு சொன்னாரா, நீயே ஜோடிச்சியான்னு எனக்கு இன்னா தெரியும்? இவ்ளோ நாள் எங்கிட்டயே ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தவதானே நீ?

— ஜோடிக்கல மேடம். இன்னிக்கு வெள்ளிக்கெழமைதான், அவரு போன் வரும். பூஜ்யம்னு சொல்லிப் பாருங்க. உங்களுக்கே தெரியும்.

— இதோ, அவருதான் கூப்பிடறாரு. கம்முனு இரு. ... ஹலோ, சொல்லுங்க சார். ஆங், திருத்திட்டேன். பூஜ்யம் சார். நாப்பதுக்கு ஒண்ணுகூட இல்ல. ... இன்னா சார்? இப்ப ‘அப்பாடா’ன்னீங்களா?