சுண்டுவிரல் மை

தங்கராசு: மை வேணாம் சிஸ்டர். சொட்டு மட்டும் ஊத்துங்க, போதும்.

ஜெயராணி: போலியோ சொட்டு ஊத்துனா எடது சுண்டுவெரல்ல மை வெச்சாவணும் சார். இல்லன்னா இந்தச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட தாண்டறதுக்குள்ள இன்னொருத்தர் புடிச்சி ஊத்துவாங்க.

தங்கராசு: ஊத்தட்டும். ரெண்டு தடவ ஊத்துனா ஒண்ணும் ஆவாதுல்ல?

ஜெயராணி: புள்ளைக்கு ஆவாது. எனக்குத்தான் மெமோ வரும். பாப்பா பேரு?

தங்கராசு: அனுப்பிரியா. மூணு வயசு. ஊரு... பெண்ணாடம். இதான் மொத தடவ.

ஜெயராணி: மூணு வருசமா என்னா பண்ணீங்க?

தங்கராசு: எங்க பாஸ்டர் ஒத்துக்க மாட்டாரு. மருந்தத் தொட்டா விசுவாசம் கொறைஞ்சிடுமாம். ஒடம்பக் குடுத்த கர்த்தரே அதப் பாத்துக்குவாராம்.

ஜெயராணி: ஓ... சபையக் குடுத்ததும் கர்த்தர்தான? அத பூட்டாமத்தான் போறாரா அவரு?

தங்கராசு: ...பூட்டுவாரு. ரெண்டு பூட்டு.

ஜெயராணி: கண்ணாடி போடுவாரா?

தங்கராசு: படிக்கறதுக்கு மட்டும்... ஏன் கேக்கறீங்க?

ஜெயராணி: சும்மாதான். எங்க ஃபாதர் காலைல பூசையிலயே சொல்லிட்டாரு. மருந்து இருக்கறப்ப ஊத்தாம ஜெபம் மட்டும் பண்ணா அது பக்தி இல்ல, சோம்பேறித்தனம்னு.

தங்கராசு: நீங்க ஆர்.சி. ஒங்களுக்கு எல்லாம் சுலபம்.

ஜெயராணி: அப்ப எதுக்கு சார் தூக்கிக்கிட்டு வந்தீங்க?

தங்கராசு: எங்க தெருவுல ஒரு பொண்ணு கால இழுத்து இழுத்து நடக்குது. மூணு நாளா அதேதான் கண்ணுல நிக்குது... சிஸ்டர், கால் சுண்டுவெரல்ல வெச்சா என்னா? சாக்ஸ் போட்டுடறேன்.

ஜெயராணி: ஐடியா ஜாஸ்தியாத்தான் இருக்கு. வாயத் தொற கண்ணு... ஆ... அவ்ளோதான். கைய நீட்டு.

தங்கராசு: வேணாம்... பத்து மணிக்கு ஆராதனை. கையத் தூக்கினா எல்லாரும் பாப்பாங்க.

ஜெயராணி: பத்து மணிக்குள்ள பெண்ணாடம் போயிடுவீங்களா?

தங்கராசு: ...போயிடுவோம்.

ஜெயராணி: பாஸ்டர் திட்டுனா சொல்லுங்க. நானே வந்து பேசறேன்.

தங்கராசு: ஐயோ, வராதீங்க. சபையே கலைஞ்சிடும்... நாந்தான் சிஸ்டர் அந்த பாஸ்டர்.

ஜெயராணி: தெரியும் பாஸ்டர். பெண்ணாடமும் இல்ல, கிள்ளை. அங்க எங்க அக்கா சவரியம்மா வீட்டுக்குப் பின்னாடிதான ஒங்க சபை மைக்கு? ஒங்க பேச்சக் கேட்டுத்தான் ரெண்டு வருசமா அவ புள்ளைக்கு சொட்டு ஊத்த உட மாட்டேங்குறா. இன்னிக்குக் காலைலகூட அவகிட்ட போன்ல அழுது பாத்துட்டுத்தான் டூட்டிக்கு வந்தேன்... மைய நல்லா அழுத்தி வெச்சிருக்கேன். பாப்பாவ மொத வரிசையில நிறுத்துங்க.