நாற்பதாவது கதிரை

— ஒண்டும் கதைக்கத் தேவையில்லை அண்ணை. அந்த யன்னலடிக் கதிரையிலை போய் இருந்தால் போதும். பிரதம விருந்தினர் வந்து, விளக்கேத்தி, தலைகளை எண்ணிப்போட்டுப் போவார். பிறகு நீங்கள் எழும்பி உங்கடை வழியிலை போகலாம்.

— மேசையில வேற ஒருத்தர் பேர் இருக்கே சார். ‘மு. கறுப்பையா, திருச்சி’ன்னு. அவர் வந்துட்டா?

— வரமாட்டார். அப்பிடி ஒரு ஆளே இல்லை. நான் பெத்த பிள்ளை அவர்.

— புரியலைங்களே.

— இருங்கோ, சொல்லுறன். திருச்சிக்காரற்றை பஸ் இப்பதான் மாவனல்லை தாண்டுதாம், இன்னும் நேரம் இருக்கு. இது கண்டிக்கும் திருச்சிக்கும் முதல்முதலா நடக்கிற வர்த்தக மாநாடு. நடுவிலை கடல் கிடந்தாலும் பக்கத்து ஊர்தானே. பிளேனிலை பெல்ட்டைப் பூட்டி முடிக்கேக்கை இறங்கச் சொல்லிப் போடுவாங்கள். தேவராசா இல்லாட்டி இந்த மாநாடே இல்லை. எண்ணாயிரம் கடிதம் எழுதினன், எல்லாம் கையாலை. நான் குறைச்சுத்தான் சொல்லுறன்.

— பேட்ஜையும் கையாலதான் எழுதியிருக்கீங்க போல. ‘தேவராசா, செயலாளர்’. எழுத்து அழகா இருக்கு.

— ஓம், அது என்ரை சொத்து. முப்பத்தெட்டு வருசம் அரசாங்கக் கந்தோரிலை அந்த எழுத்தாலைதான் பிழைச்சனான். சரி, கேளுங்கோ. விருந்தினற்றை ஆக்கள் போன் எடுத்துச் சொன்னவை, திருச்சியிலையிருந்து நாற்பது பேர் வந்தால்தான் ஐயா வருவார் எண்டு. எங்கடை தலைவர் அக்குறணை சாஹுல் ஹமீது ஹாஜியார் எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்பது. மனுசன் முகம் செத்துப் போச்சு. நான் சொன்னன், ஹாஜியார், நீங்கள் போய்ப் பிரியாணிக்குச் சொல்லுங்கோ, ஆளை நான் பார்க்கிறன் எண்டு. வந்து மேசையிலை இருந்து ஒரு பேரை எழுதினன். கறுப்பையா.

— அந்தப் பேர் எங்கேருந்து வந்திச்சு?

— கை தானா எழுதிச்சுது. விலாசமும் அப்பிடித்தான். திருச்சியிலை ஒரு வெங்காய மண்டி. எழுதின விலாசத்துக்கு அழைப்பிதழ் போகாட்டி ஹாஜியார் சந்தேகப்படுவார் எண்டு, மற்றவையின்ரையோடை சேர்த்து அதையும் ரெஜிஸ்டர் தபாலிலை போட்டுவிட்டன். திரும்பி வரும் எண்டு இருந்தன்.

— வரலையா?

— பதில் வந்தது அண்ணை. இல்லாத மனுசனிட்டை இருந்து. ‘அழைப்புக் கிடைத்தது. வருகிறேன். கிழக்குப் பார்த்த யன்னல் பக்கம் ஒரு கதிரை போதும்.’ அவ்வளவுதான். எனக்குக் காய்ச்சல் நூற்றிப்பத்து. டொக்டர் வைச்ச தெர்மோமீட்டர் வாய்க்குள்ளையே வெடிச்சது.

— வெடிச்சிதா?

— வெடிச்ச மாதிரி. மற்றக் கிழமை இன்னொண்டு. ‘ஹுன்னஸ்கிரிய பஸ் இப்பவும் குட்ஷெட்டில் இருந்துதான் போகிறதா?’ மூண்டாவதிலை, ‘அங்கே பனி இப்பவும் காலை பத்து மணிவரைக்கும் இருக்குமா?’ ஒரு வெங்காய வியாபாரிக்கு எங்கடை ஹுன்னஸ்கிரிய மலைப் பனியிலை என்ன வேலை? ஹாஜியாரிட்டைச் சொன்னன். ஜின் பேயா இருந்தா பின் வரிசையில இடம் குடுங்க, சாப்பாட்டுக்குக் கிட்டவா இருந்தா ஒரு வம்பும் பண்ணாது எண்டு சிரிக்கிறார். அவருக்குச் சிரிப்பு. நான் அந்தப் பேர் அட்டையைக் கிழிச்சுக் குப்பையிலை போட்டன். விடிய வந்து பார்த்தால் மேசையிலை நிக்குது.

— நீங்க போட்டது மேசையிலயே நின்னுச்சா?

— துப்புரவு செய்யிற பிள்ளை எடுத்து ஒட்டி வைச்சிருக்குது போல. ஆனால் என்ரை நெஞ்சு நிண்டு போச்சு, அது பொய்யில்லை.

— ஒரு லெட்டருக்கா இவ்வளவு பயம்? யாராச்சும் வெளையாட்டுக்குப் போட்டிருக்கலாமே.

— விளையாட்டெண்டால் பரவாயில்லை. ஒராளைப் பற்றி எனக்குத் தெரியும். நான் இல்லை, எனக்குத் தெரிஞ்ச ஒரு கிளாக்கர். சொல்லட்டோ?

— சொல்லுங்க. பஸ் வரட்டும்.

— எண்பத்திரண்டாம் ஆண்டு. இங்கை ஒரு கந்தோர், பேர் வேண்டாம். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிற வேலை அங்கை. கிளாக்கருக்கு அப்ப மீசை சரியா முளைக்கேல்லை. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போற கோச்சியிலை, ரெயில்தான், ஒரு பெட்டிக்கு நாற்பது பேர். பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்பது. பெரிய கிளாக்கர் பட்டியலை முகத்திலை எறிஞ்சு, பின்னேரத்துக்கிடையிலை நாற்பது ஆக்கிக் கொண்டு வா எண்டு போட்டார். பக்கத்திலை இன்னொரு கட்டு இருந்தது. அது இங்கையே இருக்கப் போறம் எண்டு எழுதிக் குடுத்த சனத்தின்ரை கட்டு. எங்கடை கிளாக்கர் அதிலை மேலை இருந்த பைலைத் திறந்தார். ஒரு பேரை எடுத்து நாற்பதாவதா எழுதினார்.

— அந்த ஆளு கேக்கலையா?

— கேட்டவர். மூண்டு நாள் வந்து சாளரத்தடியிலை நிண்டவர். இருபத்துமூண்டு வயசிருக்கும். கலியாணம் கட்டி நாலு மாசம். மனிசியின்ரை பேர் பட்டியலிலை இல்லை, அவவின்ரை குடும்பத்துக்கு இங்கத்தைப் பிரஜாவுரிமை. நான் போறன் எண்டு கேட்கவே இல்லையே ஐயா எண்டு அழுதார். கிளாக்கர் பைலை விரிச்சு, நீர்தான் கேட்டு எழுதியிருக்கிறீர், இந்தா கையெழுத்து எண்டு காட்டினார். மனிசியும் பார்த்தது. அதுக்குப் பிறகு அந்தப் பெட்டை புருசனை விட்டிட்டுத் தனியத் திரும்பிப் போட்டுது.

— கையெழுத்து யாரோடது?

— கிளாக்கருக்கு எழுத்து வடிவு அண்ணை. எந்தக் கையெழுத்தையும் போடுவார்.

— ம்.

— ஒரு நிரல் வெறுமையா இருந்தது. ‘இந்தியாவிற் போய்ச் சேரும் இடம்’. அவருக்கு அங்கை ஆருமில்லை. வெறுமையா விட்டால் பெரிய கிளாக்கர் திருப்பி அனுப்புவார். சுவரிலை ஒரு கலண்டர் தொங்கினது. வெங்காய மூட்டையோடை திருச்சியிலையிருந்து வந்து, கண்டிக் கடைக்காரர் ஒராள் கந்தோருக்குக் குடுத்தது. கீழை மண்டியின்ரை விலாசம். அதைப் பார்த்து எழுதிப் போட்டார். அந்த மனுசன் அங்கை எந்தத் தெருவிலை செத்தாரோ. கிளாக்கர் சாகட்டும் எண்டு நினைக்கேல்லை. உயிரோடை இருந்து நினைச்சுக்கொண்டிருப்பார் எண்டு நினைக்கிறதை விட, செத்துப் போனார் எண்டு நினைக்கிறது சுகமா இருந்தது. அவ்வளவுதான்.

— அந்தக் காலண்டர்ல மயில் படம். மயிலுக்கு ஒரு கண்ணுல மை ஊறி, குருடு மாதிரி இருக்கும்.

— ஓம், ஒற்றைக் கண் மயில்தான். … நான் படத்தைப் பற்றிச் சொல்லேல்லையே அண்ணை.

— மண்டியிலயும் அதேதான் தொங்கிச்சு சார். கையில ஒரு விலாசம் இருந்திச்சு, வேற ஒண்ணுமில்ல. விசாரிச்சு விசாரிச்சு போய்ச் சேந்தேன். மொதலாளி யாருன்னு கேட்டாரு. உங்க விலாசத்துக்குத்தான் என்னைய அனுப்பியிருக்காங்கன்னு பேப்பரக் காட்டினேன். சிரிச்சாரு. அப்புறம் மூட்டை தூக்கச் சொன்னாரு. பதினெட்டு வருசம் தூக்கினேன். அவருக்கு வாரிசு இல்ல. இப்ப மண்டி என் பேர்ல இருக்கு. நம்ம வெங்காயம் அக்குறணைக் கடை வரைக்கும் வருதுங்க.

— உங்கடை பேச்சிலை இந்தியாவும் கிடக்கு, தோட்டமும் கிடக்கு எண்டு அப்பவே யோசிச்சனான்.

— மண்டியிலேருந்து மூட்டை கப்பலேறுறப்பல்லாம் ஊருக்கு ஒரு தடவ போயிட்டு வாயேம்ப்பாங்க. பணம் இருந்திச்சு, பாஸ்போர்ட் இருந்திச்சு. எழுதி அனுப்பின எடம், எழுதிக் கூப்பிட்டாத்தான் போவேன்னு இருந்தேன். நாப்பத்திமூணு வருசம். மாசி மாசம் தபால்காரர் கவர் கொண்டாந்தாரு. மேல என் பேர். அன்னைக்கு வந்த நோட்டீஸ்ல இருந்த அதே எழுத்து. ‘கறுப்பையா’ன்னு எழுதினா அந்த ‘று’க்கு கீழ வாலை இழுத்து விடுற எழுத்து. ஒங்க பேட்ஜ்ல ‘ரா’வுக்கும் அதே வால் இருக்கு பாருங்க.

— அண்ணை, அந்தக் கிளாக்கர் என்ரை சிநேகிதன்.

— சரி சார். சிநேகிதராவே இருக்கட்டும்.

— கடவுச் சீட்டும் விசாவும் இல்லாமல் ஒரு பேய் வரும் எண்டு நினைச்சன். பேய்க்குச் சொல்ல ஒரு பதில் வைச்சிருந்தனான். மனுசன் வருவார் எண்டு நினைக்கேல்லை. என்னை என்ன செய்யப் போறியள்? ஹாஜியாரிட்டைச் சொல்லப் போறியளோ? பஸ் வந்திடும். பிரதம விருந்தினர் வருவார். எல்லாருக்கும் முன்னாலையோ?

— ஒங்கள அசிங்கப்படுத்த நான் பிளேன் ஏறல. நாலு நாளைக்கு முன்னாடியே வந்துட்டேன். மொதல்ல ஹுன்னஸ்கிரிய போனேன். தோட்டத்து லயத்து முன்னாடி பனி அப்படியேதான் இருக்கு.

— அவ இருக்கிறாவோ?

— இருக்கா. அங்கம்மா வேற கல்யாணம் கட்டல. எனக்குத் தேத்தண்ணி வச்சுக் குடுத்தா, கதவச் சாத்தல. ஆனா நான் சொல்லச் சொல்ல ஒண்ணுதான் கேட்டா. நீ போட்ட கையெழுத்த நான் கண்ணால பாத்தேனே, அப்ப அது யாரு போட்டதுன்னு. நான் போடலைன்னு சொன்னா நம்பல. போட்டவன் சொன்னாத்தான் நம்புவேங்கிறா.

— அண்ணை, நான் எழுதித் தாறன். வடிவா, முத்திரை ஒட்டி, கையெழுத்து வைச்சு, ஒரு நல்ல கடிதமா—

— எழுத வேணாம் சார். ஒங்க எழுத்து எங்களுக்குப் போதும். நான் இந்தக் கதிரையில உட்காந்துக்கிறேன், ஒங்க நாப்பது நாப்பதாவே இருக்கட்டும். இதுக்குப் பக்கத்துல நாப்பத்தியோராவதா இன்னொண்ணு போடுங்க. அங்கம்மா வெளிய வாசல்ல நிக்கிறா. கூட்டாம, குறைக்காம, வாயால சொல்லுங்க.