புதன்கிழமைப் புகை

— என்னய்யா, சைக்கிளை வேலிக்கு வெளியவே சாச்சுட்டீங்க? உள்ள வாங்க. மோர் தரட்டுமா?

— மோரா...

— கொஞ்சம் புளிச்சதுதான். இந்த வெயில்ல சர்ச்சுலேர்ந்து மிதிச்சு வந்திருக்கீங்களே.

— சைமி, இந்தக் கோடையில மட்டும் முப்பத்தோரு வீட்டு வாசல்ல இந்த சைக்கிளை நிறுத்தியிருக்கேன். போதகர் வர்றார்னாலே கதவைச் சாத்துறாங்க. ஒருத்தி பால் வாளியை என் மேலயே விட்டெறிஞ்சா. மோர் வேணுமான்னு கேட்ட முதல் ஆளு நீதான்.

— எனக்கென்ன தெரியும்... சும்மா வந்தீங்கன்னு நினைச்சேன்.

— ரஷ்யாக்காரன் ஜூன்ல மறுபடி அடிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து நான் எங்கயும் சும்மா போறதில்ல. உக்காரு.

— நிக்கிறேன். சொல்லுங்க.

— உன் மகன் யல்மரி... கரேலியாப் போர்முனையில விழுந்துட்டான்மா. காலை ரயில்ல பெட்டி வந்துது.

— யல்மரியா? பெட்டியிலயா?

— ஆமா சைமி.

— ஐயோ! ஐயோ என் ராசா! நான் என்ன பண்ணுவேன்...

— ம்.

— என்னய்யா ‘ம்’? பெத்த வயிறு எரியுது, நீங்க ‘ம்’ங்கறீங்க!

— பெட்டியைத் திறக்கச் சொல்றேன். முகத்தைப் பாத்துடுறியா?

— வேண்டாம்! ...வேண்டாங்கய்யா. நான் தாங்கமாட்டேன்.

— முப்பத்தோரு பேருல வேண்டாம்னு சொன்னவ ஒருத்தி கிடையாது. ஆணியை வெறுங்கையால பிடுங்கப் பாத்தாங்க... சரி விடு. அங்க சவுனாக் குளியல் குடிசையில என்ன புகை?

— துணிக்கு வெந்நி போட்டேன்.

— ஊரே சனிக்கிழமைதான் சவுனா மூட்டிக் குளிக்கும். இன்னிக்குப் புதன்.

— துணிங்கறேன்ல! ...ஆமா, உங்க பிள்ளை ஒஸ்மோ எப்படி இருக்கான்? யல்மரியும் அவனும் ஒரே பதுங்குகுழியாமே. கடிதாசி போட்டானா?

— பேச்சை மாத்தாத. துணி துவைச்சா கொடியில காயணுமே. உன் கொடி காலியா ஆடுது.

— போதகர் வேலையை விட்டுட்டுப் போலீஸ் வேலை பாக்குறீங்களா இப்ப?

— அந்த வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு. ராணுவப் போலீஸ் நேத்தே ரயிலடியில இறங்கிட்டாங்க, நாயோட. படையை விட்டு வந்து காட்டுல ஒளிஞ்சிருக்கற பசங்களைத் தேடி. முன்னெல்லாம் பிடிச்சா ஜெயில்ல போடுவாங்க. தலைநகர் ஹெல்சிங்கியில சட்டத்தை மாத்திட்டாங்க சைமி. இப்ப சுடுறாங்க.

— அதை எதுக்கு... எங்கிட்ட வந்து சொல்றீங்க?

— காபி வாசனை அடிக்குது.

— அது... வறுத்த தானியத்தூள்...

— சண்டை வந்து காபிக்கொட்டை நின்னதுலேர்ந்து வறுத்த தானியத்தையே மோந்த மூக்கு இது. நிஜக் காபி எதுன்னு தெரியாதா? டப்பாவை மெழுகு வச்சு மூடி, யல்மரி வந்து நிக்கிற அன்னிக்குத்தான் உடைப்பேன்னு ஊர் முழுக்கச் சொன்னவ நீ.

— ஐயா... கால்ல விழறேன், மெதுவாப் பேசுங்க.

— எத்தனை நாளாச்சு?

— ஆறு. காட்டு வழியாவே நடந்து வந்திருக்கான். இந்த மாசத்துல நடுராத்திரியிலகூட வெளிச்சம் அடங்க மாட்டேங்குதே, எங்க போய் ஒளியறது? பாதம் ரெண்டும் சீழ் கட்டிப்போச்சு. வெந்நி இல்லாம எப்படிக் கழுவ? கிழமையை மறந்து மூட்டிட்டேன், பாவி... காட்டிக்கொடுத்துடுவீங்களா?

— கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பெட்டியில இருக்கறவன் யல்மரியோட பட்டாள ஜாக்கெட்ல இருக்கான். பாக்கெட்ல யல்மரி பேர் போட்ட ராணுவ அடையாளப் புத்தகம். அது எப்படி அங்க போச்சு?

— இவன் வெறும் சட்டையோடதான் வந்தான். கூட இருந்தவனுக்கு வயித்துல குண்டு. குளிருது குளிருதுன்னு நடுங்கினானாம். கழட்டிப் போட்டுவிட்டேன்னான்.

— சும்மா மேல போட்டுட்டு வந்துட்டானா?

— இல்லய்யா. கையை நுழைச்சு, கழுத்து வரைக்கும் பட்டன் மாட்டி...

— ஆமா. கழுத்து வரைக்கும் மாட்டியிருந்துது.

— நீங்க எதுக்கு இதையெல்லாம்...

— அந்தப் பையன்... தனியாவா போனான்?

— தனியா விடலய்யா. மத்தவங்கல்லாம் பின்வாங்கிட்டாங்களாம். இவன் மட்டும் கையைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே கிடந்திருக்கான். கை சில்லிட்டுப் போனப்புறம்தான் எழுந்து ஓடினானாம். அதுக்கப்புறம் படைக்குத் திரும்பிப் போக மனசு வரல. தூக்கத்துல அலறுறான். யாருடா அதுன்னு கேட்டா மட்டும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறான்.

— கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தானா...

— ஐயா? என்ன, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு? இருங்க, மோர்...

— காபி குடு.

— இந்தாங்க... மெதுவா. சுடுது.

— ஞாயித்துக்கிழமை அடக்கம். சிலுவையில யல்மரி பேரு. நீ முன்னால நின்னு அழணும். இன்னிக்கு அழுத மாதிரி இல்ல, ஒழுங்கா. செத்தவனை எந்த நாயும் தேடாது. நாய் இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள அவனைப் படகுல ஏத்து. ஏரிக்கு அக்கரையில என் தங்கச்சி வீடு இருக்கு.

— சர்ச்சுல நின்னு பொய்யா? நீங்களா?

— முப்பத்தோரு குழிக்கு உண்மையைச் சொல்லிட்டேன். இன்னொரு பிள்ளையையும் குழியில இறக்க என்னால ஆகாது.

— எனக்குத்தான் மனசு ஒப்பலய்யா. பெட்டின்னு நீங்க சொன்னதும் எனக்குள்ள முதல்ல வந்தது சந்தோஷம். கேவலம், சந்தோஷம்! அப்புறம்தான் உறைச்சுது. எவளோ ஒருத்தி தபாலுக்காக வாசல்ல நிப்பாளே? அவ பிள்ளையை என் பிள்ளை பேர்ல புதைச்சா அவ எங்க போய் அழுவா? காணோம்னு எழுதுவாங்க. ஓடிப்போனவன்னு ஊர் அவனைக் காறித் துப்பும்.

— துப்பட்டும்.

— உங்களுக்கு எப்படிய்யா வாய் வருது! அவ யாருன்னு சொல்லுங்க. நான் போய் அவ காலைப் பிடிக்கிறேன். அவ என்ன சொல்றாளோ அதுபடி செய்யறேன்.

— அவ சொல்லித்தான் வந்திருக்கேன். சர்ச்சுக் கதவை உள்ள பூட்டிக்கிட்டு, அவனுக்கு முகம் துடைச்சுத் தலை சீவிக்கிட்டு இருக்கா. யல்மரி ஜாக்கெட்டைக் கழட்டட்டுமான்னு கேட்டேன்... அப்படியே இருக்கட்டுங்க, நம்ம ஒஸ்மோவுக்குக் குளிர் தாங்காதுன்னுட்டா.