சட்டை போடாத கொல்லர்கள்

படங்களில் வரும் கொல்லர்கள் யாரும் சட்டை போடுவதில்லை. இதைக் கவனித்திருக்கிறீர்களா மேடம்? கவனித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. எனக்கு இதுதான் வேலை. ஓவிய வரலாற்றில் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எந்தப் பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஓவியங்களில் கொல்லர்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வுக் கட்டுரை. கொல்லன் மகள் வேறு எதை எழுதிவிடப் போகிறாள் என்று பேராசிரியர் நினைத்திருக்கலாம். நானும் அவரைத் திருத்தவில்லை.

உலையிலிருந்து தெறிக்கும் பொறி வெறும் மார்பில் பட்டால் என்ன ஆகும் என்று எந்த ஓவியரும் யோசித்ததாகத் தெரியவில்லை. என் அப்பா முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டுதான் உலைக்கு முன்னால் நிற்பார். ஆள் ஒல்லி. வலது காது கேட்காது. படத்துக் கொல்லனுக்குக் காது நன்றாகவே கேட்கும். யாரோ கூப்பிட்டது போலப் பாதி திரும்பியிருப்பான். சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பான், இறக்கவே மாட்டான். பழைய கிரேக்கச் சாமி படங்களில் அவன் நொண்டி. பெண்டாட்டி வேறொருத்தனோடு போயிருப்பாள். போராட்டச் சுவரொட்டிகளில் கால் சரியாகிவிடும், முகம் காணாமல் போய்விடும். எல்லாப் படத்திலும் இரும்பு தகதகவென்று சிவந்திருக்கும். பெண் என்று ஒருத்தி இருந்தால் வாசலில் நிற்பாள், கையில் ஏதாவது ஒரு பாத்திரத்தோடு.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஓவியர் சாருக்குக் கை எப்படி வெந்தது என்று என் அப்பா உங்களிடம் சொன்னது சரியில்லை. இரும்பைக் காய்ச்சி வைத்துவிட்டு, சூடு என்று சொல்ல மறந்துபோனேன் என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். "விபத்துன்னு முடிஞ்சிடும், நீ வீட்டுக்குப் போம்மா" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் நான் போவதாக இல்லை.

ஓவியர் சார் நல்ல மனிதர். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கட்டுரையைப் படித்துவிட்டு, உண்மையான பட்டறை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கூட்டி வந்தது நான்தான். கவிழ்த்துப் போட்ட தகர டின் மேல் உட்கார்ந்து, நாள் கணக்கில் வரைந்தார். அப்பாவை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்குப் புரை ஏறும்.

அப்போது சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தது நான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஆரம்பித்தது. அதற்கு ஆள் வைக்க எங்களுக்கு வசதியில்லை. அப்பா இரும்பைக் குறட்டால் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். எங்கே விழ வேண்டுமோ அங்கே சின்னச் சுத்தியலால் தொட்டுக் காட்டுவார். அதே இடத்தில் நான் சம்மட்டியை இறக்குவேன். நான் இதுவரை தப்பான இடத்தில் அடித்ததில்லை. அப்பாவின் விரல்கள் பத்தும் இன்றைக்கும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பைக் கீழே வைப்பவர் "சூடு" என்று சொல்லியாக வேண்டும். சிவப்பு அடங்கிய இரும்புதான் மோசம். சிவப்பாக இருந்தால் குழந்தைகூடத் தொடாது. சிவப்பு போன பிறகு அது சும்மா கிடக்கும் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே சூடு அப்படியே இருக்கும். அதனால் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் எதையும் நேரடியாகத் தொட மாட்டார்கள். புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். ஓவியர் சாருக்கு மட்டும் இது பிடிபடவில்லை. "நீயும் மாஸ்டரும் சூடு சூடுன்னு மாத்தி மாத்திச் சொல்றது தாளம் மாதிரியே இருக்கும்மா" என்று ஒருநாள் ரசித்துச் சொன்னார். நான் சிரித்தேன்.

கண்காட்சியில் எங்கள் படம் ஒரு சுவர் முழுக்க இருந்தது. அப்பாவுக்குச் சட்டை இல்லை. மார்பு அடுக்கடுக்காக இருந்தது. பக்கத்தில் ஒரு இளைஞன், அவனுக்கும் சட்டை இல்லை, சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பட்டறைக்கு வந்ததில்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு. முகம் அச்சு அசல் என் முகம்தான். எங்கள் பட்டறையில் குழாய் இருக்கிறது.

எங்களோடு வந்திருந்த பக்கத்து வெல்டிங் கடைக்காரர் அப்பாவைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னண்ணே, எந்த ஜிம்மு? எங்கிட்ட சொல்லாமலே போயிருக்கீங்க!"

"போடா, கண்ணு வைக்காத" என்றார் அப்பா. கேட்காத காதுப் பக்கம் நின்று சொன்னதுகூட அன்றைக்கு அவருக்குக் கேட்டது.

"இந்தத் தம்பி யாருண்ணே, சம்பளத்துக்கு வருவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா அந்தப் படத்துக்கு முன்னாலிருந்து நகரவேயில்லை.

போன வாரம் ஓவியர் சார் அந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை ஃபிரேம் போட்டு அப்பாவுக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். காரைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு, இருக்கிறோமா என்று பார்க்க முதலில் வெறுங்கையோடு வந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் துளை போட டிரில் வாங்கி வருகிறேன் என்று வெல்டிங் கடைக்கு ஓடினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். கேட்கலாம் என்று தோன்றியது.

"சார், சம்மட்டி அடிச்சது நான்தானே?"

அவர் சங்கடப்பட்டார். "என் ஸ்கெட்ச் எல்லாத்துலயும் நீதாம்மா இருக்கே. உங்கப்பாதான் மாத்தச் சொன்னார்."

"என்னன்னு சொன்னாரு?"

"பொண்ண வச்சு வேலை வாங்குறான்னு நாலு பேர் பேசுவாங்க சார், படிச்ச புள்ள, அது பாட்டுக்கு ஓரமா நிக்கட்டும்னார். எனக்கும் மனசு கேக்கல. ஆனா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாரும்மா, நான் என்ன பண்றது?"

"பரவாயில்ல சார். நீங்க படத்தை எடுத்துட்டு வாங்க. மாட்டுறதுக்கு ஒரு கொக்கி அடிச்சு வைக்கச் சொல்றேன்" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. உலை எரிந்துகொண்டிருந்தது, கம்பி ஒன்றை வைத்து நானே அடித்தேன். சாதாரணமாக அடித்து முடித்ததும் தண்ணீரில் முக்க வேண்டும். முக்காமல் திரும்ப உலையில் வைத்தேன். அவர் தெருவில் வருவது தெரிந்ததும் எடுத்துப் பட்டறைக்கல் மேல் வைத்தேன். பெரிய ஃபிரேம், ஒரே ஆள், மெதுவாகத்தான் வந்தார். அவர் உள்ளே வரும்போது சிவப்பு அடங்கியிருந்தது.

"அட, அதுக்குள்ள முடிச்சிட்டாரா மாஸ்டர்? ஆறிடுச்சாம்மா?"

"ஆறிடுச்சு சார். ஃபிரேமை இடது கக்கத்துல இடுக்கிக்கோங்க, விழுந்துடப்போகுது. கொக்கியை எடுத்துப் பாருங்க."

அவர் வலது கையால் வரைபவர். இது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும்.

ஓவியர்கள் எந்தப் பொருளையும் ஆசையாக எடுப்பார்கள். முழுக் கையாலும் எடுத்தார். சுட்டதும் உதறிவிடுவார்கள் என்று நினைப்பீர்கள். உதற முடியாது, ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து முக்கினேன், கொக்கியோடு சேர்த்து. கொக்கிக்கும் அது தேவைப்பட்டது.

எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது. வாழ்நாளெல்லாம் இரும்பை வரைந்தவர் ஒரு தடவையாவது அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்தேன். அப்பா மேலும் கோபம் இல்லை. அவர் என் நல்லதுக்குத்தான் செய்தார்.

அப்பா டிரில்லோடு வந்தார். தொட்டிக்குள் கிடந்த கொக்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, சூடுன்னு சொன்னியா?"

"இல்லப்பா."

"மறந்துட்டியா?"

"இல்லப்பா."

டிரில்லைக் கீழே வைத்தார். "நீ வாயத் திறக்காத. திங்கக்கிழமை மியூசியத்துல வேலைக்குச் சேரணும். அடிச்சது நான், வச்சது நான், மறந்தது நான். உனக்கு ஒண்ணும் தெரியாது."

மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததால்தான் நீங்களே வந்தீர்கள். ஓவியர் சார் என் மேல் புகார் எதுவும் தரவில்லை. "பாவம் அந்தப் பொண்ணு, அது சூடா இருக்குன்னு அதுக்கே தெரிஞ்சிருக்காது" என்றாராம். அதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். என்னை ஆறுதல்படுத்துவதற்காக.

அப்பாவைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று எழுத வேண்டாம். அவர் விபத்து என்று சொல்லிவிட்டார், அபராதத்தோடு வந்துவிடுவார், அது எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம், அதுவும் தெரியும்.

அந்தக் கொக்கி உங்களிடம்தான் இருக்கும். எடுத்துப் பாருங்கள், இப்போது சுடாது. வளைவில் ஒரு சுத்தியல் தழும்புகூட இருக்காது. அப்பாவுக்கு இவ்வளவு சுத்தமாக வராது மேடம், கை நடுங்கும். காய்ச்சியது நான். அடித்தது நான். சிவப்பு அடங்கும்வரை காத்திருந்ததும், ஆறிவிட்டது என்று சொன்னதும் நான்தான். இதில் மறதி எதுவும் கிடையாது. இதையாவது என் பேரில் எழுதுங்கள்.